செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் சென்சாரைத்தான் மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: 1,20,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி0420 என்ற குறியீடு வந்தது, பணிமனையில் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் மாற்றிக் கொடுத்தார்கள், மூன்றே வாரத்தில் அதே விளக்கு, அதே குறியீடு. புதிய சென்சாரும் பழுதா, இந்தச் சென்சார்கள் உண்மையில் எதை அளக்கின்றன, இவற்றை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழற்றி எறியப்பட்ட பழைய சென்சார்கள் இரண்டும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. எய்தவன் இருக்க அம்பை நோவது மாசுக் கட்டுப்பாட்டுப் பழுதுகளில் அடிக்கடி நடக்கிறது. பி0420 என்ற குறியீட்டின் பொருள், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க உதவியவை அந்தச் சென்சார்கள். அவை சரியாக வேலை செய்ததால்தான் விளக்கு எரிந்திருக்கக் கூடும். இது ஏன் என்று விளங்க, புகைக்குழாயில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. பெட்ரோல் இதைவிட மிகுந்தால் மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்பார்கள்; காற்று மிகுந்தால் ‘லீன்’ என்பார்கள். இன்ஜினிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் துணையுடன் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவதே கன்வெர்ட்டரின் வேலை. முதல் இரண்டையும் மாற்ற ஆக்சிஜனைச் சேர்க்க வேண்டும். மூன்றாவதை மாற்ற அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு வேலைகளும் ஒரே கூட்டுக்குள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால், கலவை அந்த 14.7 என்ற விகிதத்தை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். கார்புரேட்டரால் அந்தத் துல்லியத்தைத் தர இயலவில்லை. பாஷ் நிறுவனம் உருவாக்கிய லாம்டா சென்சார் 1976ஆம் ஆண்டில் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டபோதுதான், புகையைப் பார்த்து எரிபொருளைத் திருத்தும் முறை சாலைக்கு வந்தது. இன்று ஆக்சிஜன் சென்சார் என்று நாம் அழைப்பது அதன் வழித்தோன்றலையே.

அந்தச் சென்சாரின் உள்ளே விரல் நுனி அளவிலான சிர்கோனியா பீங்கான் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் புகையும் மறு பக்கத்தில் வெளிக்காற்றும் படும். பீங்கான் 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரை சூடானதும், இரு பக்கங்களிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டுக்கு ஏற்ப அது தானே ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. கலவை ரிச்சாக இருந்தால் 0.8 அல்லது 0.9 வோல்ட், லீனாக இருந்தால் 0.1 வோல்ட், இரண்டுக்கும் நடுவே 0.45 வோல்ட்டை ஒட்டிச் சட்டென்று மாறும். இன்ஜின் கணினி இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். புதிய கார்களில் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் ‘வைட்பேண்ட்’ வகை. அது ரிச்சா லீனா என்பதோடு, எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்பதையும் மின்னோட்டத்தின் அளவாகச் சொல்லிவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் விரைவாகச் சூடேற, இரண்டு வகைக்குள்ளும் ஒரு ஹீட்டர் உண்டு. ‘ஆக்சிஜன் சென்சார் பழுது’ என்று வரும் குறியீடுகளில் கணிசமானவை பீங்கானைப் பற்றியவையாக இராமல், இந்த ஹீட்டரையோ அதன் ஃபியூஸையோ பற்றியவையாக இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சென்சாருக்கு ஆக்சிஜன் மட்டுமே தெரியும், பெட்ரோல் தெரியாது. ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி தராமல் போனால், எரியாத பெட்ரோலும் பயன்படாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியேறும். சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு ‘லீன்’ என்கிறது. கணினி இன்னும் பெட்ரோலைச் சேர்க்கிறது. உண்மையில் புகைக்குழாயிலோ பெட்ரோல் ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சிறு விரிசல் இருந்தாலும் இதே மயக்கம் உண்டாகும்: ஒரு வெளியேற்றத்துக்கும் அடுத்த வெளியேற்றத்துக்கும் இடையில் குழாயின் அழுத்தம் நொடிப்பொழுது குறையும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, சென்சார் அதையும் எண்ணிவிடுகிறது. ஆகவே ‘லீன்’ என்று வந்த குறியீட்டை ‘சென்சார் கெட்டுவிட்டது’ என்று படிப்பதும், ‘பெட்ரோல் குறைவாகப் போகிறது’ என்று படிப்பதும் இரண்டுமே அவசர முடிவுகள்.

இனி உங்கள் பி0420. கன்வெர்ட்டருக்குள் பூசப்பட்டிருக்கும் சீரியம் ஆக்சைடு, கலவை லீனாகும் கணங்களில் ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, ரிச்சாகும் கணங்களில் விட்டுக்கொடுக்கும். அதனால் முன்னால் உள்ள சென்சாரில் கலவை ஊசலாடிக்கொண்டே இருந்தாலும், கன்வெர்ட்டரைக் கடந்த பிறகு உள்ள சென்சாரின் மின்னழுத்தம் ஏறத்தாழ அசையாமல், பெரும்பாலான வண்டிகளில் 0.6 அல்லது 0.7 வோல்ட்டை ஒட்டி நிற்கும். கன்வெர்ட்டர் வலுவிழந்து ஆக்சிஜனைப் பிடித்து வைக்க முடியாமல் போகும்போது, பின் சென்சாரும் முன் சென்சாரைப் பின்பற்றி ஆடத் தொடங்கும். கணினி இந்த ஆட்டத்தைக் கண்டுதான் பி0420 என்று பதிவு செய்கிறது. பின் சென்சார் நிஜமாகவே கெட்டால் அது பெரும்பாலும் மந்தமாகிவிடும், அல்லது ஒரே இடத்தில் உறைந்து நிற்கும். ஆட்டம் கூடுவது அதற்கு நேர்மாறான செயல். சென்சாரை மாற்றியதும் விளக்கு சில நாட்கள் அணைந்திருந்ததற்குக் காரணம், மாற்றும்போது நினைவகத்தை அழித்ததுதான். இத்தகைய குறியீடுகள் பெரும்பாலும் தொடர்ந்து இரண்டு பயணங்களில் சோதனை தோற்ற பிறகே விளக்கை எரியவைக்கும். அந்தச் சோதனை நடப்பதற்கான ஓட்டம் அமைய உங்களுக்கு மூன்று வாரம் பிடித்திருக்கிறது.

ஆனால், ‘அப்படியானால் கன்வெர்ட்டரை மாற்றிவிடலாம்’ என்று அடுத்த பாகத்துக்குத் தாவ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கன்வெர்ட்டர் தானாகத் தேய்வது அரிது. யாரோ அதைக் கொல்கிறார்கள். தீப்பொறி தவறிய சிலிண்டரிலிருந்து வரும் பெட்ரோல் அதனுள்ளே எரிந்து, தேன்கூடு போன்ற அதன் உட்புறத்தை உருக்கிவிடும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் இதுவே நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள், அப்போது ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, முடிந்த விரைவில் ஓரமாக நிறுத்த வேண்டும். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகள் வழியாகவோ வால்வு சீல்கள் வழியாகவோ எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், உலோகப் பூச்சின் மீது படிந்து அதை மூடிவிடும். சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் கசிந்து கூலன்ட் எரிந்தாலும் அதே கதி. மூலக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தினால் அதுவும் விரைவில் பழையதன் வழியே போகும். கன்வெர்ட்டரின் விலையைக் கருதினால், அதற்கு முன் இரண்டு மணி நேரம் சோதனைக்குச் செலவிடுவது மிகச் சிறிய காரியம்.

அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி ‘ஃபியூல் டிரிம்’ என்ற எண். ஓபிடி என்ற, இன்ஜின் கணினியைச் சோதிக்கும் இணைப்பில் செருகும் எளிய ஸ்கேனரிலேயே இதைப் பார்க்கலாம். கணினி தனக்குக் கற்பிக்கப்பட்ட எரிபொருள் அளவோடு எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே இது. உடனடித் திருத்தம் ஓர் எண்ணாகவும், நாட்பட்ட பழக்கமாகிப்போன திருத்தம் இன்னோர் எண்ணாகவும் வரும். இரண்டின் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் நலம். 10 சதவீதத்துக்கு மேலோ கீழோ நிலையாக நின்றால் காரணம் தேட வேண்டும். எந்த வேகத்தில் எண் எப்படி மாறுகிறது என்பதில்தான் உண்மை இருக்கிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, 20க்கு மேல் ஏறி நின்று, நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் 5க்குக் கீழே இறங்கினால், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று கொள்ளலாம். ஓட்டையின் அளவு மாறாமல் மொத்தக் காற்று பெருகும்போது அந்தத் திருட்டின் விகிதம் குறைந்துவிடுகிறது. மாறாக, ஐடிலில் ஒழுங்காக இருந்து, மேட்டில் ஏறும்போது மட்டும் எண் உயர்ந்தால், எரிபொருள் பம்பு தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது காற்றின் அளவைச் சொல்லும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் தூசி படிந்து, அதிகக் காற்று பாயும்போது குறைத்துச் சொல்லலாம். ஒரு சென்சாரையும் கழற்றாமல் பத்து நிமிடத்தில் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பைத் தருகிறது.

புகைக்குழாய்க்கு வெளியே இருந்தும் புகையைத் தீர்மானிக்கும் சென்சார்கள் சில உண்டு. கூலன்ட் வெப்பநிலைச் சென்சார் இன்ஜின் குளிர்ந்திருப்பதாகத் தவறாகச் சொன்னால், கணினி தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். மூடாமல் திறந்தே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் இதையே செய்யும், அப்போது சென்சார் சொல்வது பொய்யும் அல்ல. பெட்ரோல் டேங்கின் ஆவியைக் கண்காணிக்கும் அழுத்தச் சென்சாரால் வரும் பி0455, பி0456 போன்ற கசிவுக் குறியீடுகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது டேங்க் மூடியையும் அதன் ரப்பர் வளையத்தையும். பம்பு தானாக நின்ற பிறகும் டேங்கின் கழுத்து வரை பெட்ரோல் நிரப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்: ஆவியைப் பிடிக்க வைத்திருக்கும் கரிப்பெட்டிக்குள் திரவமே போய் அதைக் கெடுத்துவிடும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக் கூடும் என்பதால் அதையும் சொல்கிறேன். அங்கே கரித்தூளைப் பிடிக்கும் ஃபில்டரின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒரு சென்சார் அளக்கிறது. இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக அதற்குச் செய்தி போகிறது. ஃபில்டர் நிறைந்ததும் கணினி புகையின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றிக் கரித்தூளை எரித்துவிடும். நான் கண்ட ஒரு வண்டியில் ஃபில்டர் அடைத்துவிட்டது என்று புதிய ஃபில்டருக்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த இரண்டு குழாய்களில் ஒன்று சூட்டில் வெடித்து, அழுத்தம் அதன் வழியே கசிந்துகொண்டிருந்தது, ஃபில்டரில் குறையே இல்லை. குழாயை மாற்றியதோடு வேலை முடிந்தது. குறுகிய தூரங்களுக்கு மட்டுமே ஓட்டி, எரிப்பு நடக்கும்போதெல்லாம் இன்ஜினை அணைத்துவிடும் வண்டிகளில் எரியாத டீசல் ஆயிலோடு கலந்து ஆயில் மட்டம் உயர்வதுண்டு. டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறுவதைக் கண்டு மகிழ வேண்டாம்.

யூரியா திரவம் ஊற்றும் டீசல் வண்டிகளில் நைட்ரஜன் ஆக்சைடு சென்சார்களும் இருக்கும். ஆக்சிஜன் சென்சாரின் அதே சிர்கோனியா பீங்கானில் இரண்டு அறைகள்: முதல் அறை புகையில் உள்ள ஆக்சிஜனை வெளியேற்றிவிடும், இரண்டாம் அறை நைட்ரஜன் ஆக்சைடைப் பிளந்து அதிலிருந்து வரும் ஆக்சிஜனை அளக்கும். மிகவும் நுட்பமான, அதனாலேயே விலை மிகுந்த பாகம். ஊற்றும் திரவம் 32.5 சதவீத யூரியா கொண்டதாக, ஐஎஸ்ஓ 22241 தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டில் உரத்தைக் கரைத்து ஊற்றுவது இன்ஜெக்டரையும் அதன் பின்னால் உள்ள அனைத்தையும் உப்புப் படிகங்களால் அடைத்துவிடும்.

பராமரிப்பு என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிக் கழுவுவது பராமரிப்பே அல்ல. பெட்ரோலில் ஊறவைப்பதும், கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும், தீச்சுடரில் காட்டுவதும் பீங்கானின் மேலுள்ள நுண்ணிய பூச்சைக் கெடுக்குமே தவிர, உள்ளே ஏறிய நஞ்சை நீக்காது. சென்சாரின் ஆயுளைக் காப்பது என்றால் அதை நோக்கி என்ன அனுப்புகிறோம் என்பதைக் காப்பதுதான். இன்ஜினைத் தயாரித்தவர்கள் குறிப்பிட்ட தர ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும். கரித்தூள் ஃபில்டர் உள்ள வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம், ஏனெனில் கரித்தூள் எரிந்து போகும், ஆயிலின் சாம்பல் எரிந்து போகாமல் ஃபில்டரிலேயே தங்கிவிடும். ஆயில் மட்டமும் கூலன்ட் மட்டமும் காரணமின்றிக் குறைந்தால் அன்றே கவனிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் காலத்தில் மாற்ற வேண்டும். இன்ஜினில் கேஸ்கெட் ஒட்டும்போது ‘சென்சாருக்குப் பாதுகாப்பானது’ என்று குறிக்கப்பட்ட சிலிகோன் பசையையே பயன்படுத்தச் சொல்லுங்கள். சாதாரணப் பசையின் ஆவியும், ஏர் ஹோஸ்கள் பளபளக்க அடிக்கும் சிலிகோன் ஸ்பிரேயும் இன்ஜினுக்குள் போய் எரிந்து, வெண்பொடியாகச் சென்சார் முனையில் படிந்து அதைக் குருடாக்கிவிடும். ஒரு காலத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் இதே வேலையைச் செய்தது. உலகில் கடைசியாக அதை விற்ற அல்ஜீரியாவும் 2021இல் நிறுத்திவிட்டது.

கழற்றிக் கழுவத் தகுந்தது ஒன்றுதான்: மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். அதுவும் அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால், கம்பியைத் தொடாமல், நன்றாகக் காய்ந்த பிறகே பொருத்த வேண்டும்.

ஆக்சிஜன் சென்சாரை மாற்றவே வேண்டிய காலமும் வரும். ஹீட்டர் உள்ள நவீனச் சென்சார்கள் ஒழுங்கான இன்ஜினில் 1,50,000 கிலோமீட்டரையும் கடந்து உழைப்பதுண்டு. அதற்குள் மந்தமானாலோ, ஹீட்டர் அறுந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போது கழற்றிய பழையதன் முனையைக் கட்டாயம் பாருங்கள்: கரும்புகைப் படிவு என்றால் கலவை ரிச், பழுப்பு நிறப் பிசுக்கு என்றால் ஆயில், வெண்பொடி என்றால் சிலிகோன் அல்லது கூலன்ட். அது இன்ஜினின் வரலாறு. புதியதை முனையில் கை படாமல், கீழே தவறவிடாமல், கையேட்டில் சொன்ன முறுக்கு விசைக்கே இறுக்க வேண்டும். மரையில் பூசும் களிம்பு பெரும்பாலும் முன்பே பூசப்பட்டு வரும். மேலும் பூசினால் அது முனையைத் தொட்டுவிடக் கூடாது. பலர் அறியாத செய்தி ஒன்று: பல சென்சார்கள் தமக்கு வேண்டிய வெளிக்காற்றைத் தம் வயர் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளி வழியாகவே உறிஞ்சிக்கொள்கின்றன. விலை குறைந்த பொதுவகைச் சென்சாரை வாங்கி, வயர்களை வெட்டிச் சால்டர் வைத்து இணைத்தால் அந்தக் காற்றுப் பாதை அடைபட்டுப்போகும். கனெக்டரில் கிரீஸ் திணித்தாலும் அதே விளைவு. வண்டிக்கென்றே செய்த கனெக்டரோடு வரும் சென்சாரை வாங்குவதே நல்லது. குறியீட்டில் ‘பேங்க் 1’ என்பது ஒன்றாம் எண் சிலிண்டர் இருக்கும் பக்கம், ‘சென்சார் 1’ கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ளது, ‘சென்சார் 2’ பின்னால் உள்ளது. இதைக் குழப்பிக்கொண்டு தவறான சென்சாரை மாற்றியவர்கள் ஏராளம்.

பின் சென்சாருக்கு அடியில் ஒரு நீட்டுக்குழாயைச் செருகி, அதைப் புகையிலிருந்து விலக்கிவைத்து விளக்கை அணைத்துவிடலாம் என்று உங்களுக்கு யாரேனும் யோசனை சொல்லக் கூடும். தயவுசெய்து செய்யாதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அதைவிட முக்கியமாக, அந்தப் புகையைச் சுவாசிப்பது உங்கள் வண்டிக்குப் பின்னால் நடந்து போகும் குழந்தை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. குறியீட்டை அழிக்காதீர்கள், அது பதிவான கணத்தில் இன்ஜினின் வேகம், சுமை, வெப்பநிலை, ஃபியூல் டிரிம் எல்லாவற்றையும் கணினி ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பெயரில் படம்பிடித்து வைத்திருக்கிறது, அழித்தால் அதுவும் போய்விடும். அதைக் குறித்துக்கொண்டு, வேறு குறியீடுகள், குறிப்பாக தீப்பொறி தவறியதைச் சொல்லும் பி0300 வரிசை, காத்திருப்புப் பட்டியலில் (பதிவாகியும் இன்னும் விளக்கை எரியவைக்காத குறியீடுகளில்) உள்ளனவா என்று பாருங்கள். அடுத்து, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, மேனிஃபோல்டிலிருந்து பின் சென்சார் வரை குழாயில் ‘டிக் டிக்’ என்ற கசிவு ஓசை வருகிறதா என்று கேளுங்கள். அந்தக் கசிவு ஒன்றே பி0420ஐப் பொய்யாக வரவழைக்க வல்லது. பிறகு ஐடிலிலும் 2,500 சுற்றிலும் ஃபியூல் டிரிம். கடைசியாக, வண்டி நன்கு சூடான பின் பின் சென்சாரின் வரைபடம். கசிவு இல்லை, டிரிம் ஒழுங்கு, ஆயிலோ கூலன்டோ குறையவில்லை, ஆனாலும் பின் சென்சார் முன்னதைப் போலவே ஆடுகிறது என்றால்தான் கன்வெர்ட்டரை மாற்றுவது சரி.

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும், குறியீட்டை அழித்த உடனே புகைச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். அழித்ததும் கணினியின் உள்சோதனைகள் அனைத்தும் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும். குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பி, டேங்கில் பாதியளவு எரிபொருளோடு, சீரான வேகத்தில் சற்று நேரம் நெடுஞ்சாலையிலும் பிறகு நகர நெரிசலிலுமாகச் சில நாட்கள் ஓட்டுங்கள். கன்வெர்ட்டர் சோதனை ‘முடிந்தது’ என்று ஸ்கேனர் காட்டி, பி0420 காத்திருப்புப் பட்டியலிலும் இல்லையென்றால் பழுது நீங்கிவிட்டது.